தவிலுக்கு நடுவே ஒரு குரல்

எங்கள் ஊரில் யார் பாட்டுக் கேட்கும் பிளேயர் வாங்கினாலும் அது ஒருமுறை என் காதுக்கு வந்துதான் போகும். யாரும் என்னை நியமிக்கவில்லை. நானே கேட்டு வாங்கி, இயர்போனை மாட்டி, கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வேன். நெல்லியடிக் கடைகளில் வாங்கிய மலிவுச் சாமானென்றால் முகத்தைச் சுளித்து, "தகரம்" என்பேன். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் கொஞ்சம் கூடுதலான நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "பரவாயில்லை" என்பேன். இரண்டுக்கும் வாங்கியவர்கள் ஒரே மாதிரித்தான் முகத்தைத் தொங்கப்போட்டார்கள்.

சோதனைக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பதிவு. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கோயில் தேரன்று, சுவாமி வடக்கு வீதியில் நிற்க, இரண்டு தவில்காரர் முக்கால் மணி நேரம் மாறிமாறி வாசித்தார்கள். கோயிலுக்கு மேற்சட்டை போட முடியாதென்பதால், இடுப்பில் கட்டிய சால்வைக்குள் ஒரு சின்ன றெக்கோடரைச் செருகிக்கொண்டு போய் அதைப் பிடித்தேன். தவிலின் ஒரு பக்கம் கழி விழும்போது நெஞ்சில் இடிக்க வேண்டும். மறுபக்கம் வாசிப்பவர் மாட்டியிருக்கும் விரல்கூடுகள் தனித்தனியே கேட்க வேண்டும். அதுதான் நல்ல பிளேயருக்கு என் இலக்கணம்.

அந்தப் பதிவில் ஒரு குறை. நல்ல இடங்களிலெல்லாம் ஓர் ஆள் முணுமுணுவென்று கதைத்துக்கொண்டே இருப்பான். சொற்கள் விளங்காது. ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். பக்கத்து வளவு வெங்காயத் தோட்டக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், முப்பது வருடமாக ஒரே மோட்டார் சைக்கிளில் என்னோடு திருவிழாக்களுக்கு வந்தவர். பதிவை அவருக்குப் போட்டுக் காட்டி ஏசினேன்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ உமக்கு? அருமையான வாசிப்பைப் பழுதாக்கிப்போட்டீர்."

"அண்ணை, கதைச்சது நீங்கள். அதுக்கு நான் ஓம் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

என் குரல் எனக்குத் தெரியாதா? ஊர்ப் பிளேயருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவன் நான். கோபம் தலைக்கேறி, வேலிக்கு மேலால் இன்னும் நாலு வார்த்தை விட்டேன். அதோடு அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை, அவரும் வரவில்லை. அதன் பிறகு திருவிழாக்களுக்குத் தனியே போனேன். தவிலில் ஒரு சுற்றை முடித்துவைக்கும் நல்ல தீர்மானம் விழும்போது திரும்பிப் பார்த்துத் தலையாட்டப் பக்கத்தில் ஆளில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய கவலை.

போன மாதம் என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து ஒரு பிளேயரோடு வந்தார். சவர்க்காரக் கட்டியளவுதான் அது. இயர்போன் தனிப் பெட்டியில் வந்தது. வழமைபோல் என் பதிவை ஏற்றி, ஒரு பக்கத்தை என் காதிலும், என்ன இதென்று பார்க்க வந்த மனைவியின் காதில் மறுபக்கத்தையும் வைத்தேன்.

கழி இடித்தது. விரல்கூடுகளை எண்ணலாம் போலிருந்தது. "பரவாயில்லை" என்று சொல்ல வாய் திறந்த நேரம், அந்த ஆளின் முணுமுணுப்பும் முதல்முறையாகச் சொல் சொல்லாக விளங்கியது.

"இப்ப பாரும், அவரின்ரை கையைப் பாரும்... உது எல்லாராலும் ஏலாது... என்ரை மனிசி வைச்ச சொதியிலை இண்டைக்கும் உப்பில்லை... இந்தா, தீர்மானம் வரப்போகுது, பாரும்..."

இடையிடையே மெல்லிதாக, மரியாதையாக ஒரு "ஓம் அண்ணை."

மனைவி இயர்போனைக் கழற்றினாள். "உப்பில்லையோ?" என்றாள்.

"உது நானில்லை. என்ரை குரல் உப்பிடியே?"

"முப்பத்திரண்டு வருசமா உந்தக் குரலைத்தான் கேக்கிறன்."

குரல் இப்படித் துல்லியமாகக் கேட்பதுதான் இந்தப் பிளேயரின் சிறப்பு என்று மைத்துனர் நடுவில் விளக்கம் தந்தார்.

ஒரு பிளேயர் இவ்வளவு நல்லதாக இருக்கத் தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உறைத்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு நல்ல மனுசனை மூன்று வருடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அன்று பின்னேரமே பிளேயரை இரவல் வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வேலிப் படலையைத் திறந்தேன். வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு எழும்பினார். நான் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"கதைச்சது நான்தான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று சொல்லி, இயர்போனின் இரண்டு பக்கத்தையும் அவர் காதுகளில் வைத்தேன். சொல்ல நினைத்து வந்தது அவ்வளவுதான். ஆனால் அவர் கண்ணை மூடிக் கேட்கத் தொடங்கியதும், இந்தப் பிளேயரில் கழி எப்படி இடிக்கிறது, விரல்கூடு எப்படிப் பிரிந்து கேட்கிறது, மற்றப் பிளேயர்கள் ஏன் தகரம் என்றெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு பக்கத்தைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"அண்ணை, இதுக்குள்ளையும் நீங்கள் கதைக்கிறியள், வெளியிலையும் நீங்கள் கதைக்கிறியள். தவிலை நான் எப்ப கேக்கிறது?"