கோகிலா அடைத்த பற்கள்

பல் டாக்டர் தொழிலில் ஒரு சாபம் உண்டு: போட்டிக்காரர் செய்த வேலையை நாளெல்லாம் விளக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும். பொள்ளாச்சியில் என் கிளினிக் இருக்கும் தெருவிலேயே, என்னோடு ஒரே பெஞ்சில் படித்த கோகிலாவும் கிளினிக் வைத்திருக்கிறாள். கூடப்படித்தவர்களோடு ஒரே ஊரில் தொழில் செய்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

கறுக்காத வெள்ளி

கொப்பரை வியாபாரி ஒருவர் வாயைத் திறந்தார். கடைவாயில் பழைய வெள்ளி அடைப்பு, கண்ணாடி மாதிரி மின்னியது. வெள்ளி என்பது பேருக்குத்தான்; ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. செம்பு கூடுதலாக இருந்தால் சீக்கிரம் கறுக்காது. நானும் அதே கலவையைத்தான் வாங்குகிறேன். மறுநாள் மெருகு போட வரச் சொன்னால் என்னிடம் யாரும் வருவதில்லை, அவள் சொன்னால் போகிறார்கள்.

"யாருங்க அடைச்சது?" என்று தெரியாதவள்போல் கேட்டேன்.

"கோகிலா டாக்டருங்க. அவங்க ஊருக்குப் போயிருக்காங்க, அதானுங்க இங்க வந்தேன்."

மோதிரம்

மாட்டு வியாபாரி ஒருவர் மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, அதை உருக்கிப் பல்லை அடைக்கச் சொன்னார். பல்லுக்கான தங்கம் வேறு, வெள்ளியும் செம்பும் பல்லேடியமும் அளவோடு சேர்த்து லேபில் வார்ப்பது என்று படம் வரைந்து விளக்கினேன். தலையாட்டிவிட்டு நேரே கோகிலாவிடம் போய்விட்டார். பிறகொரு நாள் பேக்கரியில் அவரைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "மோதிரத்தையா உருக்குனாங்க?"

"இல்லீங்க. நீங்க சொன்னதையேதான் அவங்களும் சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

வீட்டுக்காரர்

போத்தனூரில் ஒரு கல்யாணப் பந்தி. என் வீட்டுக்காரர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். கீழ்க் கடைவாயில் பளிச்சென்று புது அடைப்பு. நான் வைத்ததல்ல! ரசத்தில் என் கை நின்றுவிட்டது. காரில் ஏறியதும், "ஏனுங்க, எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன்.

"நீயா இருந்தா வெல்லம் தின்னதுக்கெல்லாம் சேர்த்துத் திட்டுவே கண்ணு. அவங்க அடைச்சு மட்டும் உட்டாங்க."

என் பல்

முறுக்கைக் கடித்து என் பல்லே உடைந்தது. கோயமுத்தூர் போய் வேறு டாக்டரைப் பார்க்கக் கிளம்பியவள், வலி தாங்காமல் கோகிலாவின் வாசலில் இறங்கிவிட்டேன். அவள் நாற்காலியைச் சாய்த்து விளக்கைப் போட்டாள். என் வாய் நிறையப் பஞ்சு இருந்தபோதுதான் பேசினாள்.

"நீ புடுங்குனா வலியே தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே உன் பேஷண்டுங்க என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறாங்க அம்மணி."

அன்று முதல் என் நாக்கு அவள் வைத்த அடைப்பைத் தடவித் தடவி ஒரு குறையாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டே இருக்கிறது.