தொட்ட கை

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் இசபெல்லின் கை பேர்போனது. உழிச்சில் கை, எண்ணெய் தேய்த்து நீவிக் குணப்படுத்தும் கை. வலைக்கயிறு இழுத்துத் தோள் விழுந்தவன், கட்டுமரம் இடித்து இடுப்பு பிடித்தவன், காய்ச்சலில் கால் சூம்பிய பிள்ளை எல்லோரும் அவள் முற்றத்தில் எண்ணெய் தடவிக் கிடந்து, எழுந்து நடந்து போனார்கள். சல்லிக்காசு வாங்கமாட்டாள். அப்பன் வழியில் வந்த கை அது. கூடவே அப்பனின் இரண்டு சட்டங்களும் வந்தன. காசு தொடக்கூடாது. தொட்ட கை மாறக்கூடாது. அதாவது, ஒரு உடம்பில் கைவைத்துவிட்டால் அது தேறும்வரை நடுவில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

இலவசம், இலவசம் என்று ஊர் வாய்நிறையச் சொல்லும். அடேயப்பா, அந்த மனுஷி பட்ட பாடு ஊருக்கு எங்கே தெரிந்தது! ஒருவன் தேறுவதற்குள் இன்னொருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அருமனையில் கட்டிக்கொடுத்த மகள் லீமாவின் முதல் பேறுகாலத்துக்குக்கூட அவளால் போக முடியவில்லை. முற்றத்தில் அப்போது ஒரு முதுகொடிந்தவன் கிடந்தான். லீமா தாயில்லாமல் பெற்றாள், பிள்ளை தங்கவில்லை.

இப்போது மறுபடியும் மாதம் நெருங்கிவிட்டது. "இதுக்கும் வரலேன்னா எனக்கு அம்மை கிடையாதுன்னு வச்சுக்கிடுதேன்" என்று கருவாட்டு வியாபாரி சூசையிடம் சொல்லிவிட்டிருந்தாள் லீமா.

இசபெல் பயந்துபோனாள். கையில் இருந்தவர்களை மட்டும் தேற்றி அனுப்பினாள். புதிதாக வந்தவர்களைத் தொடவே இல்லை. "மகளுக்குப் பேறு முடிஞ்சு வந்து பாக்கேன், போங்க மக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதாள். ஒருவழியாக முற்றம் காலியானது. மூட்டையைக் கட்டிக்கொண்டு, நாகர்கோயில் போய் அருமனைக்கு மாறலாமென்று பஸ்ஸுக்கு வந்து நின்றாள்.

அங்கே பூங்கனி நின்றாள். பனையேறியின் மனைவி. கால் விளங்காத மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, தொடாமலே திருப்பி அனுப்பப்பட்டவள்.

"யக்கா, பிள்ளையை இத்திரி பிடியுங்க. சேலை அவுருது."

இசபெல் பிடித்துவிட்டாள். எந்தப் பெண்தான் பிடிக்கமாட்டாள்? கட்டைவிரல் தன்பாட்டுக்கு அந்தச் சூம்பிய ஆடுசதையில் போய் நின்றது. பூங்கனி சேலையைத் தொடவே இல்லை.

"ஏட்டி, வேணும்னுதானே தந்தே?"

"ஆமாக்கா."

"பாவி! எனக்க மக அங்க தனியாக் கிடக்காளேட்டி!"

"எனக்க மகளும் கிடக்காளே."

தப்பிக்க ஒரு வழி உண்டு. நரம்பு முற்றாகச் செத்த காலைத் திருப்பிக் கொடுக்கலாம். தேறவே தேறாத காலை அப்பனின் சட்டம் கட்டாது. இசபெல் பிள்ளையின் உள்ளங்காலில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள்; நரம்பில் உயிர் இருந்தால் கால்விரல் அசையும். மாதாவே, இது செத்த காலாக இருக்கட்டும் என்று வேண்டினாள். வேண்டியது என்னவென்று மனதில் பட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வேண்டுதலை விடவில்லை.

பஸ் வந்து நின்றது. "நாகர்கோயில்! ஏறுதியளா, இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினான்.

பிள்ளையின் கால் சுண்டுவிரல் லேசாக மடங்கியது.

பூங்கனி அதைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. செத்த கால் என்று சொல்லிவிட்டு ஏறியிருந்தால் கேட்க ஆள் கிடையாது. இசபெல் வாயைத் திறந்தாள்.

"நீ போ மக்கா" என்றாள் கண்டக்டரிடம்.

பஸ் போனது. அவள் மரத்தடியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, மூட்டையை அவிழ்த்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குத் தேய்க்கவென்று லீமாவுக்காகக் காய்ச்சிய எண்ணெய்க் குப்பி மேலாகவே இருந்தது. அதைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.