காதர் பாயின் பெயரைச் சொல்லிச் செபித்தேன்

என் வண்டியால் ஒரு மனிதர் கால் இழந்தார். தப்பு என்னுடையது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் ஆண்டவர் என்னை என்ன செய்தார் என்பதைத்தான் நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் இந்த அன்பியத்தில் உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் சூசை. ராயபுரத்துக்காரன். இருபத்திரண்டு வருடம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டினேன். போன வருடம் தவக்காலத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. திருவொற்றியூர்ப் பக்கம் கண்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் ஒரு வண்டி பழுதாகிவிட்டது. கொஞ்சம் பின்னால் எடுத்து ஒதுங்கிப் போகப் பார்த்தேன். கிளீனர் அன்று வரவில்லை. நானே இறங்கிப் பின்னால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒரு கையில் போன். யார்டு சூப்பர்வைசரோடு பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தேன். ஏதோ நசுங்கும் சத்தம். அதற்குப் பிறகு எல்லோரும் கத்தினார்கள்.

சைக்கிளில் கேன் கட்டி, வரிசையில் நிற்கும் டிரைவர்களுக்கு டீ விற்கும் பாய்தான் அடிபட்டுக் கிடந்தார். அவர் கையால் எத்தனையோ நாள் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். சைக்கிள் என் வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்தது. அவருடைய வலது காலும்.

போலீஸ் கேட்டபோது, "திடீர்னு குறுக்க ஓடியாந்துட்டாரு சார்" என்றேன். வேறு யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். ஜாமீனில் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் செபம்தான். வீட்டுப் பீடத்தின் முன்னால் முட்டி போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று செபமாலை. "மாதாவே, நான் ஜெயிலுக்குப் போகக்கூடாது. லைசென்ஸ் போகக்கூடாது. சொன்னது பொய்யென்று யாருக்கும் தெரியக்கூடாது." கூச்சமில்லாமல் இதைத்தான் கேட்டேன். சோறு இறங்கவில்லை. ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க எழுந்து, பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இத்தனை செபித்தும் பயம் குறையவில்லை. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே முடிவு செய்தேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் குடும்பச் செபத்துக்கு உட்கார்ந்தோம். யார் யாருக்காக வேண்டுகிறோம் என்று செபக் கருத்துகளைச் சொல்லும்போது அவள் நிறுத்திக் கேட்டாள்.

"அடிபட்டவரு பேரு இன்னாய்யா?"

"தெர்லடி. பாய்னுதான் கூப்புடுவோம்."

"பேரே தெர்லயா? அப்போ இத்தினி நாளா யாருக்காக முட்டி போட்டுகினு கீற?"

அன்றைக்குச் செபமாலை பாதியில் நின்றது.

மறுநாள் பெயரைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். சத்தியமாக வேறு நோக்கமில்லை. வார்டு வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். பாயின் மனைவி ரஹமத். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "பாய் கையால டீ குடிக்கிற ஆளும்மா" என்றேன். உடனே எழுந்து, உட்காரச் சொல்லி இடம் விட்டார். பாய் பெயர் காதர். தண்டையார்பேட்டையில் வீடு. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பிவிட்டது. ஆனால் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, வாயில் குழாய் போட்டிருக்கிறது, இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"துவா செய்யுங்கண்ணே" என்றார். பிறகு குரல் உடைந்தது. "அவரு குறுக்க ஓடுனாருன்னு எழுதிகீறாங்கண்ணே. முட்டி வலிக்காரரு அவரு. சைக்கிளத் தள்ளிகினுதான் போவாரு. ஓடுற ஆளே கெடையாது. அவரு மேலதான் தப்புன்னு தெருவே பேசுது. பசங்க ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குதுங்க."

நான் எழுந்து வெளியே வந்தேன். மருத்துவமனைச் சுவரோரம் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று, முதல்முறையாக அந்தப் பெயரைச் சொல்லிச் செபித்தேன். "ஆண்டவரே, காதர் பாய் பிழைக்க வேண்டும். எனக்கு எது வந்தாலும் வரட்டும்." இவ்வளவுதான். பரவசம் எதுவும் வரவில்லை. கண்ணீர்கூட வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பதினோராம் நாள் காலை ஸ்டெல்லா கூட வர, ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராக ரஹமத்திடம் போனேன். "வண்டிய ஓட்னது நான்தாம்மா. அவரு ஓடல. நான்தான் பாக்கல" என்றேன்.

ரஹமத் என் முகத்தைப் பார்த்தார். "நேத்து எம்பக்கத்துல குந்திகினு இருந்தியே..." என்றார். அப்புறம், "போயிடு. உன் மூஞ்சியக் காட்டாத."

போனேன். அதற்குப் பிந்தைய நாட்களை எப்படிச் சொல்வது? லைசென்ஸ் போயிற்று. சில உறவுக்காரர்களே, "உண்மையச் சொல்லி நீயே மாட்டிகினியே" என்று ஏசினார்கள். நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நாள் தவறாமல் காதர் பாய் பெயரைச் சொன்னேன். உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூடத் தைரியமில்லை.

பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்து இரண்டாவது வாரம் போன் வந்தது. "காதர் பேசறேன். வூட்டுக்கு வந்துட்டேன்." வரச் சொன்னார். போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். நான் காலடியில் விழப் போனேன். கை நீட்டித் தடுத்தார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில வாயில கொழா. பேச முடியல. என் மேலதான் தப்புன்னு என் பசங்க நெனச்சிகினு இருக்குதுங்க. நான் மௌத்தா போனாலும் பரவால்ல, நெஜம் வெளிய வரணும்னு அல்லாகிட்ட ஒரு ராத்திரி முழுக்க அழுதுகினு கெடந்தேன். மறுநாளே நீ போய்ச் சொல்லிகீற."

அன்றைக்குத்தான் செபம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. நான் அவர் உயிரைக் கேட்டேன், கிடைத்தது. அவர் உண்மையைக் கேட்டார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆண்டவர் என்னைப் பிடித்து அனுப்பியிருக்கிறார், அந்தப் பொய்யைச் சொன்ன என்னையே. நான் எதற்காகப் பிழைத்திருக்கிறேன் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போன கால் திரும்பி வராது. ரஹமத் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அது அவர் உரிமை. நான் இப்போது ஒரு யார்டில் வேலை செய்கிறேன். டிரெய்லர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று விசில் அடிப்பதுதான் வேலை. ஒவ்வொரு முறையும் அந்த நசுங்கும் சத்தம் காதில் கேட்கத்தான் செய்கிறது. அந்தச் சத்தத்தோடேயே நன்றி சொல்கிறேன்.

பயத்தில் செபிக்கிறவர்கள் இங்கே இருந்தால், தயங்காமல் செபியுங்கள். நம் கோழைத்தனமான செபத்தையும் அவர் தள்ளிவிடுவதில்லை; கேட்டுக்கொண்டே நம்மைத் திருப்புகிறார். நம்பி அவர் கையில் விடுங்கள்.

வழக்கு அடுத்த மாதம் வருகிறது. எனக்காகச் செபித்தால், தண்டனை குறைய வேண்டும் என்று கேட்காதீர்கள். நீதிமன்றக் கூண்டில் நின்று, காதர் பாய் முன்னால், நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல எனக்குப் பலம் கேளுங்கள்.