பாட்டரி சுமந்த முனுசாமி

காரில் ஸ்டீரியோ பாடவில்லை. என் மகன் அதைக் கழற்றிப் பார்த்தான். பின்னால் ஓர் ஒயர் தனியாகத் தொங்கியது. உடனே டிரைவர் ஏழுமலையிடம் திரும்பினான்.

"நீ இன்னா நோண்டுன?"

"நான் தொடவேயில்ல சார்."

இதே பதிலை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலக யுத்த காலம். கரையான்சாவடியில் எங்கள் வீட்டு ரேடியோ பாட்டரியில் ஓடியது. எங்கள் நிலத்தில் கூலிவேலை செய்த முனுசாமிதான் அதைத் தலையில் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றி வருவார். மாலையில் வாசலுக்கு வெளியே நின்று ரங்கூன் செய்தி கேட்பார். அவர் தம்பி அங்கே இருந்தான். செய்தி நேரத்தில் நான் வாயைத் திறந்தால் அப்பா அடிப்பார். அந்தக் கோபத்தில் ஒருநாள், முனுசாமி பாட்டரியைக் கொண்டுவந்து வைத்ததும், அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ரேடியோ ஊமையானது.

"வழியில கீழ போட்டியாடா?" என்று அப்பா கத்தினார்.

"நான் ஒண்ணும் பண்ணல ஆண்டே. பத்திரமாத்தான் எடுத்தாந்தேன்."

"இனிமே இந்தப் பக்கம் வராத."

மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒயரை மாட்டினேன். மாலையில் அப்பா வழக்கம்போல் செய்தி கேட்டார். வாசலுக்கு வெளியே யாரும் இல்லை. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

மகன் இன்னும் ஏழுமலையை முறைத்துக்கொண்டிருந்தான். அந்தக் காரில் கதவைத் தவிர நான் எதையும் தொட்டதில்லை.

"நான்தாம்பா கழட்டினேன்" என்றேன்.