ஹாஜியாரும் ஐயாவின் இடுப்பும்

வலியே இல்லாத ஒருவரிடம் போய், "வலி வராமல் இருக்க இப்படிக் குனிந்து நிமிருங்கோ" என்று எப்போதாவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? வலி வந்தவர் எங்களைக் கோயில் ஐயரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். வராதவர் காப்புறுதி முகவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான் இயன்மருத்துவர். பள்ளிக்கூடம் சம்பூரில், மேற்படிப்பு கொழும்பில். இப்போது வேலை திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு கோல்ஃப் மைதானத்தோடு ஒட்டிய சின்ன அறையில். ஒரு கட்டில், இரண்டு கதிரை, இழுத்துப் பயிற்சி செய்ய நாலு ரப்பர் பட்டி, சுவரில் பயிற்சிப் படம். ஆட வருகிறவர்களின் முதுகும் தோளும் கெடாமல் பார்க்க வேண்டும். பந்தும் முந்தியதை விடக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். வீட்டில் இரண்டு வயதில் ஒரு மகள் இருப்பதால் பிடிவாதக்காரரைக் கையாள்வது எனக்குப் புதிதில்லை.

மச்சாளின் கணக்கு

வேலை கிடைத்ததும் தோப்பூரில் இருக்கும் மச்சாளிடம் சொன்னேன். காலையில் வயலில் குனிந்தால் மத்தியானம்தான் நிமிருகிறவள். கோல்ஃப் என்றால் என்ன என்று கேட்டாள். ஒரு இடத்தில் நின்று, இடுப்பை முறுக்கி, தடியால் சின்னப் பந்தை அடித்து, அதன் பின்னாலேயே நடந்துபோய்க் குழிக்குள் விழுத்த வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி என்றேன். முறுக்குகிற முறுக்கில் இடுப்பு பிடிக்கும், அது பிடிக்காமல் பார்ப்பதுதான் என் வேலை என்றும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "காசு குடுத்து இடுப்பை முறிச்சு, பிறகு காசு குடுத்து நிமித்துறாங்கள். எங்களுக்கு முறியிறது சும்மாவே கிடைக்குது, மச்சாள்."

பயித்தங்காய்க் கொடி

நவரத்தினம் ஐயா துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிண்ணியாவில் மரக்கடை வைத்திருக்கும் நஸீர் ஹாஜியார் அவருடைய பள்ளித் தோழர். இருவரும் வருடத்துக்கு ஒரு தடவை பந்தயம் கட்டாமல், ஆனால் பந்தயத்தை விட மோசமாக, ஒரு ஆட்டம் ஆடுவார்கள். கடைசி இரண்டு வருடமும் ஆட்டம் முடியவில்லை. ஒரு முறை பதினோராம் குழியிலும் மறுமுறை பதின்மூன்றாம் குழியிலும் ஐயாவுக்கு இடுப்பு பிடித்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்த வருட ஆட்டத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஐயாவை அவருடைய மனைவிதான் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா சுருக்கமாகச் சொன்னார்: "பதினெட்டுக் குழியும் முடிச்சுத் தன்ர காலாலை நடந்து வீட்டை வந்தால் சரி. இன்னொருக்கா இடுப்பு பிடிச்சால், அந்தத் தடியள் எல்லாம் என்ர பயித்தங்காய்க் கொடி படரத்தான், பிள்ளை."

பதினைந்துக்கு ஆறு

மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மேலே தூக்கி இறக்க வேண்டும். நாளுக்குப் பதினைந்து தரம். எழுதியும் கொடுத்தேன். அடுத்த கிழமை ஐயா முகம் மலர வந்தார். "ஆறுக்குக் கொண்டு வந்திட்டன்!" என்றார். எனக்கு விளங்கவில்லை. முதல் நாள் பதினைந்து, மறுநாள் பதின்மூன்று, பிறகு பத்து என்று குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பிறகுதான் பிடிபட்டது. கோல்ஃபில் குறைந்த அடியில் குழிக்குள் விழுத்துகிறவர்தான் கெட்டிக்காரர். முப்பது வருடம் அப்படியே எண்ணிப் பழகிய மனிதருக்கு எண் கூடினால் அவமானம். பயிற்சியில் எண்ணிக்கை கூடினால்தான் கெட்டிக்காரர் என்று சொன்னேன். அவருக்கு மனம் நொந்துபோயிற்று. "அதை முதலே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு பாடுபட்டுக் குறைச்சிருக்க மாட்டன்."

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்

ஆட முன்னர் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும். இங்கே ஒருவரும் செய்ய மாட்டார்கள். மற்றவர் பார்க்கக் காலை ஆட்டிக்கொண்டு நின்றால் வயது போய்விட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரியாம். ஐயாவும் ஏலாது என்று நின்றார். கெஞ்சிக் கூத்தாடி, யாருடைய கண்ணுக்கும் படாத இடமாகத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, என் அறைப் படத்தில் இருக்கும் அதே பயிற்சியை, அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார் நஸீர் ஹாஜியார். எங்களைக் கண்டதும் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. ஐயா வானத்தைப் பார்த்தார். ஹாஜியார் சட்டைப் பையில் இருந்து ஃபோனை எடுத்து என்னிடம் காட்டினார்.

"இஞ்சதான் மகள் கொஞ்சம் சிக்னல் இரிக்கி."

என் இடுப்பு

மகளைப் பார்க்க ஆள் இல்லாத ஒரு நாள், அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசலில் ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளைய ஒரே பக்கம் தூக்கினா இடுப்பு கோணிப் போகும். உங்கட சுவத்திலயே படம் ஒட்டியிரிக்கி, வாசிக்கல்லியா மகள்?"

ஆட்ட நாள்

பதினோராம் குழியில் ஐயா குனிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நிமிர்ந்து நின்றார். பதின்மூன்றிலும் நிமிர்ந்தார். தோள் நன்றாகத் திரும்பியது, இடுப்பு வழிவிட்டது, பந்து முன்பு போகாத தூரம் போனது. அதுதான் பிரச்சினை. முந்தி மைதானத்துக் குளத்துக்கு இந்தப் பக்கம் பத்திரமாக விழுந்த பந்து, இப்போது நேரே தண்ணீருக்குள் போய் விழுந்தது. ஒன்றல்ல, மூன்று. பந்து தண்ணீரில் விழுந்தால் தண்டமாக இன்னொரு அடியும் சேர்த்து எண்ணுவார்கள்.

பதினெட்டுக் குழியும் முடிந்தது. ஐயா தன்னுடைய காலாலேயே நடந்து வந்தார், முதுகு நேராக, முகம் தொங்கிப்போய். ஆட்டம் பாதியில் நின்ற இரண்டு வருடமும் அவர் தோற்கவில்லை. முழு ஆரோக்கியத்தோடு ஆடிய இந்த வருடம்தான் தோற்றார். ஹாஜியார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "இடுப்பு எப்பிடி மச்சான்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். "நல்லாயிருக்கு" என்று சொல்வதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒருவருடைய வலியை எடுக்கும்போது, தோற்றால் சொல்லிக்கொள்ள அவர் வைத்திருந்த ஒரே காரணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம் என்பதை எங்கள் பாடப்புத்தகத்தில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அன்று பின்னேரம் ஐயா அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பிள்ளை, ரெண்டு கடிதம் எழுதித் தாங்கோ. எனக்கு இடுப்பு சரியில்லை எண்டு ஹாஜியாருக்கு ஒண்டு, நல்லாயிருக்கு எண்டு மனிசிக்கு ஒண்டு."