காற்று நிற்கட்டும்

யான் என்ற ஊரில், வயலோரம் ஒரு வீட்டில் புல் வெட்டப் போய்வந்தபோது அந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அலோர் ஸ்டாரில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, மடியில் லைசன்ஸ் எடுத்த ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். வயலின் மறுகோடியில் ஒரு பால் டின்னைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

மாலையானால் காற்று பார்க்க முகப்பவுடரை ஒரு சிட்டிகை கிள்ளி விடுவார். அது பறக்கும். "காத்து சரியில்ல" என்று துப்பாக்கியை உறையில் போட்டுவிடுவார். வாய் மட்டும் ஓயாது.

"ஸ்பிரிங் துப்பாக்கி உதறும் தம்பி. இறுக்கிப் பிடிச்சா குண்டு எங்கியோ போயிடும். பூ மாதிரி பிடிக்கணும்."

டின்னில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது.

ஒருநாள் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, திகாம் பத்து என்ற ஊரிலிருந்து அவர் மனைவியின் தம்பி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு நீங்க சுடலன்னா, மாமாவுக்குச் சுடவே தெரியாதுன்னு ஊரு பூரா சொல்லிடுவேன் லா."

அன்று பார்த்துக் காற்று நின்றது. பவுடர் நேராக அவர் செருப்பிலேயே விழுந்தது. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தார். காதோரம் வியர்வை வழிந்தது. பிறகு துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தார்.

"காத்தே இல்லாம சுடுறதுல என்னடா திறமை? அத சின்னப் புள்ளயும் சுடும்."

தம்பி எழுந்து நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார்.

மறுவாரம் திகாம் பத்து டீக்கடையில் அதே தம்பி, "எங்க மாமா காத்துலதான் சுடுவாரு, சும்மா இல்ல" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இவரே கூட இருந்தாரு, கேளுங்க" என்றார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.