பனிக்குச் சுருங்கிய கொய்யாக்காய்

என் மாமனார் பொன்னுத்துரையின் வலது காதுக்கு மேலே எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். குளிக்கும்போது எடுத்து வைப்பார் என்று நினைக்கிறேன், நான் பார்த்ததில்லை. பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகியும் பென்சில் மட்டும் காதை விட்டு இறங்கவில்லை. "பேனால எழுதுனா எழுதுனதுதானுங்க மாப்ள. பென்சில்னா அழிச்சு மாத்திக்கலாம்" என்பார்.

ஏப்ரல், மே மாதங்களில் அவருடைய பேருந்து நிறைய லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்களாம். திண்டுக்கல்லில் ஏற்றிவிடும் அம்மாக்கள், "கண்டக்டரண்ணே, எங்கப்பா ஸ்டாப்புல நிப்பாரு, எறக்கி விட்ருங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்தப் பிள்ளை விருப்பாட்சி, எந்தப் பிள்ளை சத்திரப்பட்டி என்று அவருக்கு மனப்பாடம். தாத்தா வந்து கையைப் பிடிக்கும் வரை விசில் கொடுக்க மாட்டார். பின்னால் வரும் வண்டி முந்திக்கொண்டு போகும், டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். இவர் அசைய மாட்டார்.

இப்படி ஊரார் வீட்டுப் பேரப்பிள்ளைகளையெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு வாய்த்த மாப்பிள்ளை நான்.

நான் திண்டுக்கல் டவுன்காரன். புனேயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை ஊருக்கு வருவோம். வந்தால் என் அப்பா அம்மா வீடு. பத்து நாள் லீவு என்றால் ஒன்பதரை நாள் திண்டுக்கல், அரை நாள் ஆயக்குடி. காரில் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு வருஷக்கணக்கில் முடியவில்லை. என் மனைவி மலர்விழி அவருக்கு ஒரே மகள். அத்தை சோலையம்மாள் இறந்து நாலு வருஷம் ஆகிறது. தோட்டத்து வீட்டில் மாமா தனியாகத்தான் இருக்கிறார்.

தோட்டம் என்றால் ஒன்றரை ஏக்கர் கொய்யா. காய்ப்பை அப்பாஸ் என்கிற வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். அந்தப் பக்கம் குத்தகை பேசும்போதே ஒரு மரத்தை ஒதுக்கிவிடுவார்கள். வீட்டு மரம். அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் குத்தகைக்காரர் ஆட்கள் அதன் நிழலில்கூட கூடையை இறக்கமாட்டார்கள்.

போன வருஷம் மே மாதம், வழக்கமான அந்த அரை நாளில், என் மகள் ஜீவிதா வீட்டு மரத்தில் ஒரு பிஞ்சைக் கண்டுபிடித்தாள். கோலிக்குண்டு அளவு இருக்கும். அவளுக்கு அப்போது ஏழு வயது.

"அப்பிச்சி, இது என் காய். நான் வந்து என் கையாலதான் பறிப்பேன். வேற யாரும் தொடக்கூடாது." அம்மாவின் அப்பாவை அந்தப் பக்கம் அப்பிச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தொடமாட்டோம் அம்முணி. நீ எப்ப வருவே?"

அவள் என்னைப் பார்த்தாள். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "ஆகஸ்ட்டுல வந்துருவோம் மாமா" என்றேன். எத்தனையோ பேச்சில் அதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

அவர் அப்படி நினைக்கவில்லை. கிழித்து வைத்திருந்த பழைய காலண்டர் தாளை எடுத்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒரு உறை செய்தார். பிஞ்சுக்கு அதை மாட்டி வாழைநாரால் கட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்து உறையின்மேல் 'ஜீவிதா, ஆகஸ்ட் 15' என்று எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால். போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாதி நேரம் எங்களுக்குத் தெரிவது அவருடைய காதும் பென்சிலும்தான். பிறகு மரம், சிவப்புத் துணி, உறை வரும். உறையை மெதுவாகத் தூக்கிக் காட்டுவார். ஜீவிதா காயிடம் "சாப்டியா?" என்று கேட்பாள். அதற்காகவே அவள் ஆறு மணிக்கு முன் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவாள்.

ஆகஸ்ட்டில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. காய் நன்றாகப் பெருத்து, வெளிறி, பழுக்கிற பதத்துக்கு வந்திருந்தது. "பரவால்ல அம்முணி, உன்ர காய் காத்திருக்கும்" என்றார். அடுத்த வாரம் உறையைத் தூக்கிக் காட்டியபோது காய் எலுமிச்சை அளவுக்கு இருந்தது.

"என்ன அப்பிச்சி, சின்னதாயிருச்சு?"

"ஆடிக் காத்துக்குச் சுருங்கிருச்சு சாமி. மறுபடி பெருக்கும்."

மலர்விழி எழுந்து சமையலறைக்குப் போனாள். எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. தீபாவளிக்குப் பிறகு மழைக்குச் சுருங்கியது. பொங்கலுக்கு வருவோம் என்று சொல்லிப் போகாமல் விட்ட பிறகு பனிக்குச் சுருங்கியது. நான் படித்தது எஞ்சினியரிங். கொய்யாக்காய்க்கு அப்படி ஒரு குணம் இருக்கும்போல என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கேன்டீனில் ஒரு நண்பனுக்கு விளக்கமும் சொன்னேன். அவன் நாக்பூர்காரன், தலையாட்டினான்.

தீபாவளியைச் சொல்லாமல் விட முடியாது. நாலு நாள் திண்டுக்கல்லில் இருந்தோம். கடைசி நாள் ஆயக்குடி என்று முடிவு. மாமா விடியற்காலையிலேயே நாட்டுக்கோழி வாங்கி வைத்துவிட்டார். நாங்கள் கிளம்பும் நேரத்தில் என் அம்மா, "செத்த நேரம் இருந்துட்டுப் போங்கடா, சித்தப்பா வாராரு. அம்புட்டு அவசரமா?" என்றாள். சித்தப்பா வந்தார், சாப்பிட்டார், வீடு கட்டும் கதையை ஆரம்பித்தார். மணி நாலாகிவிட்டது. ராத்திரி ரயில். நான்தான் போன் செய்து சொன்னேன்.

"பரவால்லீங்க மாப்ள. புள்ளைக்கும் அலைச்சல்தானுங்க" என்றார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

ரயில் சேலம் தாண்டும்வரை மலர்விழி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "எங்கப்பாவுக்குன்னா உங்ககிட்ட மிச்ச நேரம் மட்டுந்தானுங்க இருக்குது." எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

இந்த வருஷம் டிக்கெட் போட்டது மலர்விழி. அதற்கும் முன்னால் இரண்டு தேதி சொல்லி இரண்டையும் நான் மாற்றியிருந்தேன். மூன்றாவது தேதியை அவள் என்னிடம் கேட்கவேயில்லை. மே ஒன்பதாம் தேதி திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கியதும் கார் நேராக ஒட்டன்சத்திரம் சாலையில் திரும்பியது. என் அம்மா போனில் பொருமினாள். "முதல்ல ஆயக்குடி, அப்புறம் அங்க" என்று மலர்விழியே பதில் சொன்னாள்.

மாமா மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காதில் பென்சில்.

"கார் வீட்டுக்கே வந்துருமே மாமா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?"

"எதுல வந்தாலும் புள்ளைய எறக்குற எடம் இதுதானுங்களே" என்று சொல்லி ஜீவிதாவின் கையைப் பிடித்தார். எத்தனை தாத்தாக்கள் அப்படிக் கையைப் பிடித்ததைப் படிக்கட்டில் நின்று பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வயது வரை என் மகளை அந்த இடத்தில் நான் ஒருமுறையும் இறக்கிவிட்டதில்லை.

அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, நான் தோட்டத்துப் பக்கம் போனேன். அப்பாஸ் பெட்டிகளில் காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. ஒருவழியா வந்தீங்க. இதோட நாலாவது காய்ங்க."

"எது நாலாவது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்போல. பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். "நெசமாவே தெரியாதுங்களா? காய் எங்கங்க காத்திருக்கும்? பழுத்தா ரெண்டு நாள், மூணு நாள். நீங்க வரலைன்னு ஆனதும் அண்ணன் வேற பிஞ்சு பாத்து உறைய மாட்டிருவாரு. பழுத்தத நானும் கேட்டுப் பாத்தேன், குடுக்கல. அவரும் திங்கல. தானா விழுகட்டும்னு விட்டுட்டாரு. ஒவ்வொரு தடவையும் அது விழுந்த அன்னிக்கு மட்டும் எங்கிட்டப் பேசமாட்டாருங்க."

வெயிலில் நின்றிருந்தேன். காதெல்லாம் சுட்டது. காத்து, மழை, பனி என்று மூன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். என் வாயிலிருந்து சும்மா உதிர்ந்த ஒவ்வொரு தேதிக்கும் இங்கே ஒரு காய் பழுத்து விழுந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வேறு அழகான சொல் எதையும் அதற்குத் தேடுவதற்கில்லை.

உடனே இன்னொரு பயம் வந்தது. ஜீவிதாவுக்குத் தெரிந்தால்? ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் காயிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட பிள்ளை. "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க பாய்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். உறையில் ஏப்ரல் 20 என்று எழுதி அழித்த தடம் தெரிந்தது. அதன் பக்கத்தில் மே 2, அதுவும் அழித்திருந்தது. கீழே மே 9. ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருந்தது. மாமா ஜீவிதாவைத் தூக்கிப் பிடித்தார். அவள் நாரை அவிழ்த்து உறையைக் கழற்றினாள். பழுக்கப்போகிற, லேசாக மஞ்சள் ஏறிய காய். பறிப்பாள் என்று பார்த்தால், திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பிச்சி, இது எத்தனாவது காய்?"

அப்பாஸ் என்னைப் பார்த்து, நான் சொல்லவில்லை என்று கையை விரித்தார்.

"என்ர அம்முணி, இது உன்ர காய்தான்..."

"முதல் காய்க்குக் கன்னத்துல மச்சம் இருந்துச்சு. ரெண்டாவதுக்கு இல்ல. இது நாலாவதுதானே?"

மாமா அவளைக் கீழே இறக்கிவிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. "தெரிஞ்சும் ஏன் சாமி கேக்கல?"

"கேட்டா காய் விழுந்திருச்சுன்னு சொல்லிருவீங்க. அப்புறம் தினமும் எதக் காட்டுறதுக்கு போன் பண்ணுவீங்க?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மலர்விழியும் அழுதாள். அவளுக்கு முதல் தடவையே தெரியும். கொய்யா மரத்தில் ஏறி வளர்ந்தவளிடம் ஆடிக் காற்றுக்குக் காய் சுருங்கியது என்றால் நம்புவாளா? ஆக, அந்த ஒரு வருஷமும் உண்மையிலேயே ஏமாந்தவன் நான் ஒருவன்தான். மற்ற மூவரும் ஒருவரையொருவர் நோகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஜீவிதா காயைப் பறித்தாள். மலர்விழி அதைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள். முதல் துண்டை அப்பிச்சி வாயில் ஜீவிதாவே வைத்தாள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

அந்த வீட்டில் ஆறு நாள் இருந்தோம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் அங்கே ராத்திரி படுத்தது அதுதான் முதல் தடவை. ஜீவிதா அவருடைய பழைய விசிலை ஊதிக்கொண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டினாள். மாமா பயணியாக உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் புனே என்றார். "புனே போகாதுங்க, எறங்குங்க" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள்.

கிளம்புகிற அன்று காலையில் அவளே மரத்தைச் சுற்றிவந்து ஒரு பிஞ்சைத் தேர்ந்தெடுத்தாள். ஏப்ரல் மாதத் தாளில் அவளே உறை செய்து, வாழைநாரால் கட்டினாள். முடிச்சு கோணலாக விழுந்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, தேதிய நீங்க எழுதுங்க."

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மாமா சட்டென்று காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

"இதுல எழுதுங்க மாப்ள. நாளைக்கு உங்களுக்கு வேலை கீலைன்னு வந்தா அழிச்சு மாத்திக்கலாமுங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பென்சிலை வாங்கித் திரும்ப அவர் காதிலேயே செருகினேன். பேனாவால் அழுத்தி எழுதினேன்: ஆகஸ்ட் 14.

மாமா உறையைக் கையில் தாங்கிப் பார்த்தார். மை காயட்டும் என்று லேசாக ஊதினார்.

"வெள்ளிக்கிழமைங்க" என்றார், யோசிக்காமலே. காலண்டர் வீட்டுக்குள் இருந்தது.